நாலாம் கல்லுக்கும் ஐந்தாம் கல்லுக்கும் நடுவே

ஸ்ரீவில்லிபுத்தூர்
7.7.2024

அன்புள்ள கார்த்திகாவுக்கு உன் மதினி யுவராணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அவரும் சுகம். உனக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பு எப்படி? தம்பி விக்னேஸ்வரன் அஸ்ஸாம் ராணுவ முகாமிலிருந்து கடைசியாக எப்போது பேசினான்? என்னிடம் பேசி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பெண்டாட்டி வந்த பிறகு கூடப்பிறந்தவளை மறப்பது புதுசா என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை நீ மேசையில் வைத்துவிட்டுப் போன நோட்டீசை மூன்று தடவை படித்தேன். விருதுநகரில் ஜனவரி 19ஆம் தேதி மூத்தோர் தடகளம், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு மூவாயிரம் மீட்டர் வேகநடை. முப்பது நிமிடத்துக்குள் முடிக்காதவர்களின் பெயர் பட்டியலில் வராது என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. நீ அதைப் படித்திருக்க மாட்டாய். எனக்குப் பொடி எழுத்தைப் படிப்பதுதான் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டில் நகல் எடுக்கிறேன்.

"ரெண்டு பேரும் சேந்து போவோம் மதினி" என்றாய். கணுக்காலுக்கு மேலே கம்பி வைத்தவளைப் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறாளே, இவள் மனசில் என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் யோசித்தேன். டாக்டர் சொன்னது உனக்கும் நினைவிருக்கும்: "நடக்கலாம்மா, ஆனா இந்தச் சாய்வு போகாது." அன்றிலிருந்து வக்கீல் குமாஸ்தாக்கள் என் பெயரைச் சொல்வதில்லை. "அந்தச் சாஞ்சு நடக்க அம்மாட்டக் குடு" என்கிறார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் வர வேண்டும், அதை வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும். அதற்காக வருகிறேன், உனக்காக அல்ல.

ஆனால் நிபந்தனை உண்டு. போன் எனக்கு ஆகாது. வாயால் சொன்னது கோர்ட்டில் நிற்கவும் நிற்காது. ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் நடந்தாய் என்று எழுதி, பார்த்தவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தோடு தபாலில் அனுப்பு. நானும் அனுப்புகிறேன். இங்கே பள்ளிக்கூட மைதானத்தை எங்கள் கோர்ட் அமீனா சிவபாண்டி டேப் பிடித்து அளந்து கொடுத்திருக்கிறார். நாலு சுற்று ஒரு கிலோமீட்டர், ஒரு முழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒன்று, நீ எங்கே நடக்கப் போகிறாய்? இரண்டு, தூரத்தை எப்படி அளப்பாய்? மூன்று, போன வருஷம் வைகாசியில் அய்யனார் கோவிலிலிருந்து நாம் வண்டியில் திரும்பும்போது குறுக்கே ஒரு நாய் வந்தது, அதனால்தான் வண்டி சாய்ந்தது என்றாயே, அந்த நாய் என்ன நிறம்? பின்னால் உட்கார்ந்திருந்த நான் நாய் எதையும் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
யுவராணி
நேரம்: 16 நிமிடம் 10 விநாடி. சாட்சி: வேல்பாண்டி, ஓய்வுபெற்ற ஏட்டு.


ராஜபாளையம்
14.7.2024

மதினிக்குக் கார்த்திகா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே பிள்ளைகள் இரண்டும் நன்றாக இருக்கிறார்கள். சின்னவளுக்குச் சளி, கஷாயத்தில் அடங்கிவிட்டது. உங்கள் கால் எப்படி இருக்கிறது? காலையில் எழுந்ததும் இருக்கிற விறைப்பு குறைந்திருக்கிறதா? அண்ணனையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டி வந்ததைப் பார்த்துத் தபால்காரர், "என்னம்மா, வக்கீல் நோட்டீசா?" என்றார். "அதை விடப் பெருசு, எங்க மதினி" என்றேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊருக்கு இந்தக் கடிதம் மூன்று நாள் பயணம் செய்து வந்திருக்கிறது. இருக்கட்டும், உங்கள் நிபந்தனை எல்லாவற்றுக்கும் சம்மதம்.

அய்யனார் கோவில் ரோட்டில்தான் நடக்கிறேன். ஐந்தரைக்குப் போய் ஆறே முக்காலுக்குத் திரும்பினால், பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு மடிப்பு வேலைக்குப் போகச் சரியாக இருக்கும். அளக்க டேப்பும் வேண்டாம், அமீனாவும் வேண்டாம். ரோட்டோரம் கிலோமீட்டர் கல் இருக்கிறது. நாலாம் கல்லில் தொடங்கி ஐந்தாம் கல்லில் முடிக்கிறேன். அரசாங்கம் நட்ட கல்லை விடவா பெரிய சாட்சி? நேரம் பார்க்க உங்கள் தம்பியின் பழைய கைக்கடிகாரம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

ஐந்தாம் கல்லுக்கு எதிரே மாந்தோப்புக் காவலுக்கு இருக்கும் பாலம்மாளைச் சாட்சிக்குக் கேட்டேன். "நீ நடக்கதுக்கு நான் எதுக்குட்டி கைநாட்டு வைக்கணும்? எடம் கிடம் எழுதி வாங்குதியா?" என்று பயந்துவிட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்லி வாங்குவதற்குள் ஒரு கிலோமீட்டர் நடந்த களைப்பு வந்துவிட்டது.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
கார்த்திகா
நேரம்: 9 நிமிடம் 40 விநாடி. சாட்சி: பாலம்மாள் (பெருவிரல் ரேகை).


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.8.2024

கார்த்திகாவுக்கு. நாங்கள் சுகம், நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். சின்னவளுக்குச் சளி விட்டதா? வெந்நீர் கொடு, பால்கோவா கேட்டு அழுதால் கொடுக்காதே. இனிப்புக்குச் சளி திரும்பிவிடும்.

என் கேள்விகளில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் பதில் இருக்கிறது. மூன்றாவது எங்கே? கோர்ட் தாவாவில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். சரி, மறந்திருப்பாய். மறுபடியும் கேட்கிறேன்: நாய் என்ன நிறம்?

இன்னொன்று. நான் விழுந்த ரோட்டிலேயே போய் நடக்கிறாய். ராஜபாளையத்தில் வேறு ரோடே இல்லையா? செட்டியார்பட்டிப் பக்கம் போனால் ஆகாதா?

வேல்பாண்டி ஏட்டு எனக்கு வேகநடை சொல்லித் தருகிறார். போலீஸ் போட்டிகளில் நடந்து மெடல் வாங்கியவர். சும்மா நடப்பது வேறு, இது வேறு என்கிறார். எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இரண்டும் தூக்கினால் அது ஓட்டம். முன்னால் வைக்கிற காலின் முட்டி, உடம்பு அதன் மேல் வரும்வரை மடங்கக் கூடாது. மடங்கினால் நடுவர் சிவப்பு அட்டை எழுதுவார், மூன்று சிவப்பு விழுந்தால் வெளியே. என் கம்பிக் கால் முட்டிதான் மடங்குகிறது. "குதிங்கால முதல்ல குத்துங்கம்மா, பொறவு முட்டி தானா நிமிந்துரும்" என்கிறார். குத்தினால் நட்சத்திரம் தெரிகிறது. ஆனாலும் குத்துகிறேன்.

யுவராணி
நேரம்: 14 நிமிடம் 30 விநாடி. சாட்சி: வேல்பாண்டி.

பி.கு.: அந்தக் கைநாட்டு பெருவிரல்தானா, கால் விரலா? எழுத்தை விடப் பெரிதாக இருக்கிறது.


ராஜபாளையம்
18.8.2024

மதினிக்கு வணக்கம். நாங்கள் நலம். சின்னவள் பால்கோவா வேண்டும் என்று அழுதாள், உங்கள் கடிதத்தைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டாள். கோர்ட் ஆர்டர் என்று நினைத்துவிட்டாள்போல. உங்களுக்கு வலி அதிகமானால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடங்கள். வீம்புக்கு நடக்காதீர்கள்.

ஏட்டு சொன்னதை நானும் பழகுகிறேன். கையை மார்புக்குக் குறுக்கே ஆட்டி, இடுப்பை ஒடித்து நடப்பதைப் பார்த்துவிட்டு மில் வேனில் போகும் பிள்ளைகள் கையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். "ஏட்டி, வாத்து மாதிரில்லா போற" என்கிறாள் பாலம்மாள். அவளே மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்கும் பொழுது போக வேண்டாமா?

வேறு ரோடு இல்லாமல் இல்லை. ஆனால் இந்த ரோட்டில்தான் நடக்க வேண்டும் என்று நினைத்தேன், நடக்கிறேன்.

பெருவிரல்தான் மதினி. காட்டு வேலை செய்த விரல், அப்படித்தான் இருக்கும்.

கார்த்திகா
நேரம்: 8 நிமிடம் 20 விநாடி. சாட்சி: பாலம்மாள்.


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.9.2024

கார்த்திகாவுக்கு. அவருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் இரண்டு மாதமாக நாக்குத் தள்ள நடந்து பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்திருக்கிறேன். நீ முதல் வாரமே ஒன்பது நாற்பது. அடுத்த மாதம் எட்டு இருபது. பிறந்ததிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நடந்து போகாதவள் நீ. உன் கடிதங்களை வேல்பாண்டியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். "ரெண்டு மாசத்துல இந்த வேகம் வராதும்மா. ஒண்ணு அந்தப் பிள்ளை ஓடுது, இல்ல கடிகாரம் ஓடல" என்றார்.

இரண்டு கைநாட்டையும் ஆபீஸ் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். ரேகை ஒன்றுதான். ஆள் உண்மை, நேரம் பொய் என்றால் அந்தக் கிழவியும் உனக்கு உடந்தை.

போனில் ஏதோ ஆப் இருக்கிறதாம், இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் தூரம், நேரம் எல்லாம் அதுவே சொல்லுமாம். எங்கள் ஆபீசில் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பதோ பட்டன் போன். நீ எந்நேரமும் போனைக் கையில் வைத்திருந்தவள், இப்போது மட்டும் ஏன் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாய்? தூரத்தைப் போன் சொல்லிவிடும் என்ற பயமா?

மூன்றாவது கேள்வி அப்படியே இருக்கிறது. ஒன்றில் மழுப்புகிறவள் எல்லாவற்றிலும் மழுப்புவாள்.

யுவராணி
நேரம்: 12 நிமிடம் 50 விநாடி. சாட்சி: வேல்பாண்டி.


ராஜபாளையம்
22.9.2024

மதினிக்கு. அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டதா? நிலவேம்பு கொடுங்கள். நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றேன். ஓடவில்லை. பிள்ளைகள் மேல் சத்தியமாக ஒரு அடிகூட ஓடவில்லை. நாலாம் கல்லிலிருந்து ஐந்தாம் கல்லுக்கு நடந்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், எழுதினேன். இனி இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது? நீங்களே வந்து பாருங்கள்.

போனை ஏன் கொண்டுபோவதில்லை என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாய் வெள்ளை. போதுமா?

கார்த்திகா
நேரம்: 7 நிமிடம் 10 விநாடி. சாட்சி: பாலம்மாள்.


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.10.2024

கார்த்திகாவுக்கு. சுகம் விசாரிக்க வேண்டியதில்லை, போன செவ்வாய்க்கிழமை தம்பி லீவில் வந்து இங்கே தலையைக் காட்டிவிட்டுப் போனானே, அவனிடம் எல்லாம் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களாம். சந்தோஷம்.

அவன் பத்து நிமிடம்தான் இருந்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வந்தவன் இரண்டு இட்லியோடு கையைக் கழுவிக்கொண்டான். என் காலைப் பார்க்கவே இல்லை. சாப்பிடுகிறவனிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன்: "ஏலே, உம்பெண்டாட்டி வண்டிக்குக் குறுக்க வந்துச்சே ஒரு நாய், அது என்ன கலருன்னு ஒங்கிட்டச் சொன்னாளா?" தட்டிலிருந்து தலையை எடுக்காமல் "செவலைக்கா" என்றான்.

நீ எழுதியது வெள்ளை. உன் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது. ஒரே நாய் ராஜபாளையத்தில் வெள்ளை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும்போது செவலை. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு இட்லிக்கு மேல் அவனுக்கு ஏன் இறங்கவில்லை என்று மட்டும் யோசிக்கிறேன்.

நீங்களே வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தாய். வருகிறேன்.

யுவராணி
நேரம்: 11 நிமிடம் 30 விநாடி. சாட்சி: வேல்பாண்டி.


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.11.2024

அன்புள்ள கார்த்திகாவுக்கு. உடம்பு எப்படி இருக்கிறது? தம்பி பத்திரமாக முகாமுக்குப் போய்ச் சேர்ந்தானா? மழை நேரம், விடியற்காலையில் நடக்கும்போது காதை மூடிக்கொண்டு போ.

இதை எழுதக் கை கூசுகிறது. நேற்று சனிக்கிழமை உன்னிடம் சொல்லாமல் ராஜபாளையம் வந்தேன். அமீனா சிவபாண்டியையும் கூட்டிக்கொண்டு, ஐம்பது மீட்டர் டேப்போடு ஆட்டோ பிடித்து அய்யனார் கோவில் ரோட்டுக்குப் போனேன். நாலாம் கல்லில் நான் முனையைப் பிடிக்க, அவர் இழுத்துக்கொண்டே போனார். பதினான்காவது தடவை இழுத்த டேப் முடிவதற்குள்ளேயே ஐந்தாம் கல் வந்துவிட்டது. "ஏம்மா, கெவர்மெண்டே ஏமாத்திருச்சே" என்றார். கணக்கு அறுநூற்றுத் தொண்ணூறு மீட்டர். மறுபடியும் அளந்தோம், அதே அறுநூற்றுத் தொண்ணூறு.

பாலம்மாள் குடிசையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் சொன்னாள்: "அது நட்ட கல்லு இல்ல தாயி, புடுங்கி நட்ட கல்லு. தோப்புக்குச் சுவரு வைக்கயில வழியில நிக்குன்னு புடுங்குனாவ. பொறவு கை வலிச்ச எடத்துல ஊண்டிட்டுப் போயிட்டாவ." இதை முதலிலேயே இந்தப் பெண்ணிடம் சொல்வதற்கென்ன என்றேன். "அவ கேக்கலையே" என்றாள்.

ஆக நீ ஓடவில்லை, பொய் எழுதவில்லை. கல்தான் பொய். உன் ஏழு பத்து, உண்மையான கிலோமீட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வருகிறது. நீயும் என்னைப்போல முப்பது நிமிடத்தோடு மல்லுக்கட்டுகிறவள்தான். போன் கொண்டுபோயிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். சரி, விடு.

திரும்பும்போது அந்த வளைவில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். நாலாம் கல்லுக்கும் ஐந்தாம் கல்லுக்கும் நடுவில்தான் அது இருக்கிறது என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். விழுந்தவளுக்குக் கல்லா தெரியும்? கிளம்பும்போது பாலம்மாள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: "அந்தப் பிள்ளை தெனமும் நடந்து முடிச்சுட்டுத் திரும்பிப் போகயில அந்த வளைவுல செத்த நேரம் நிக்கும். என்னத்தப் பாக்குன்னு தெரியல."

அதைக் கேட்டதும் என் மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. ஒரு வருஷமாக உன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைத்துவிட்டேன். சந்தேகம் பிடித்த புத்தி, கோர்ட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. மன்னித்துக்கொள். மூன்றாவது கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வெள்ளையோ செவலையோ, பதறுகிற நேரத்தில் யார் நிறம் பார்த்தார்கள்? இனி அதைப்பற்றிப் பேச மாட்டேன்.

சரியான ஐந்தாம் கிலோமீட்டர் முடிகிற இடத்தில், ஒரு புளியமரத்தில் சிவபாண்டி சுண்ணாம்பு அடித்திருக்கிறார். அதுவரை நட.

உன் மதினி,
யுவராணி
நேரம்: 10 நிமிடம் 55 விநாடி. சாட்சி: வேல்பாண்டி.


ராஜபாளையம்
22.12.2024

மதினிக்கு. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் வேலை என்று எழுதலாம், துணி மடிக்கிற இடத்தில் ஆர்டர் அதிகம் என்று எழுதலாம். நான்கு முறை அப்படி எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். திட்டுகிறவரிடம் மழுப்பிவிடலாம். மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டீர்கள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

கல் விஷயத்தில் நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டது தப்பு. மற்றதில் சந்தேகப்பட்டது சரி.

நாய் இல்லை மதினி.

போன் வந்தது. ஹேண்டில் பக்கத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தேன், உங்கள் தம்பி நம்பர் தெரிந்தது. உங்களுக்குத் தெரியும், முகாம் இருக்கிற அந்த மலைமேல் சிக்னல் கிடைத்து ஒரு போன் வந்தால், அதை விட்டுவிட்டால் மறுபடி மூன்று நாளைக்குக் குரல் கேட்காது. அந்த வாரம் முழுக்க அவிய பேசவில்லை. என்ன ஆச்சோ ஏது ஆச்சோ என்று இருந்தேன். இடது கையால் எடுத்துக் காதில் வைத்தேன், காற்றுச் சத்தத்தில் பின்னால் இருந்த உங்களுக்குத் தெரிந்திருக்காது. "ஹலோ" என்றார்கள். நான் "ஏங்க" என்று சொல்வதற்குள் வளைவு வந்துவிட்டது.

நாம் விழுந்த சத்தமும் நீங்கள் அலறியதும் போன் வழியாக அவிய காதில் விழுந்தது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசும்போது அவிய அழுதார்கள். பிறகு சொன்னார்கள்: "போன்னு அக்காட்டச் சொல்லாத. எம்போனாலதான் அக்கா காலு போச்சுன்னு தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வருவேன்? நாய் வந்துச்சுன்னு சொல்லிரு." அவிய சொன்னார்கள் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை, சொன்னது என் வாய்தான். நாய் என்று பேசி வைத்துக்கொண்டோம். நிறம் பேசி வைக்கவில்லை.

அவிய உங்களோடு பேசாததற்கு நான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் அந்த அலறல் கேட்கிறது என்கிறார்கள். நானும் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. அந்த வளைவைத் தினமும் நடந்து தாண்டினால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

இந்தக் கடிதத்துக்குச் சாட்சி கேட்காதீர்கள், கையெழுத்துப் போட ஆள் இல்லை. நம்பினால் நம்புங்கள்.

கார்த்திகா
நேரம், சுண்ணாம்பு அடித்த புளியமரம் வரை: 9 நிமிடம் 35 விநாடி.


ராஜபாளையம்
8.1.2025

மதினிக்கு வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. பதினேழு நாளாகத் தபால்காரர் வாசலைத் தாண்டிப் போகிறார்.

நெஞ்சிலும் முதுகிலும் குத்துகிற எண் வந்துவிட்டது. எனக்கு 214. உங்களுக்கும் வந்திருக்கும். உங்கள் பெயர் பட்டியலில் வர வேண்டும் என்பதுதான் எனக்கும் ஆசை. நான் அங்கே நிற்பது உங்களுக்கு இடைஞ்சல் என்றால் ஒரு வரி எழுதுங்கள், நான் வரவில்லை.

பொங்கல்படி கொடுக்க வேண்டும். தம்பி வீட்டுப் பானை வராமல் அக்கா வீட்டில் பொங்கல் வைக்கக் கூடாது. பதிமூன்றாம் தேதி காலையில் கொண்டுவருவேன். கதவைத் திறக்க மனசில்லை என்றால் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

கார்த்திகா


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.1.2025

கார்த்திகாவுக்கு. நேற்று உன்னைப் பார்த்துவிட்டேன், அதனால் சுகமா என்று கேட்கவில்லை. இங்கே அவர் சுகம். நான் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த அன்று, அதை அடுப்பில் போடத்தான் எழுந்தேன். கோர்ட்டில் இருக்கிறவளுக்குக் காகிதத்தை எரிக்கக் கை வரவில்லை, பீரோவில் வைத்தேன். பதிமூன்றாம் தேதி நீ கதவைத் தட்டினாய். நான் உள்ளேதான் இருந்தேன். பானையையும் கரும்பையும் மஞ்சள் குலையையும் வைத்துவிட்டு நீ தெருமுனை போகும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு எடுத்து உள்ளே வைத்தேன். அந்தப் பானையில்தான் பொங்கல் வைத்தேன்.

விருதுநகர் மைதானத்தில் உன்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயும் பக்கத்தில் வரவில்லை. ஏழரைச் சுற்று. விசில் ஊதியதும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடுவோம் என்று நினைத்தேன். நீ ஒன்பது முப்பத்தைந்தில் நடக்கிறவள், உன் நிழல்கூட எனக்குக் கிடைத்திருக்கக் கூடாது. ஆனால் இரண்டாவது சுற்றிலும் எனக்கு நாலடி முன்னால் 214ஐக் குத்திய அந்தப் பச்சைப் பனியன் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதிலும் அங்கேயே. நான் சுணங்கினால் அது சுணங்கியது. எனக்கு ஆத்திரம் வந்தது. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு வருவது இது இரண்டாவது தடவை. போன தடவை அந்த முதுகை நம்பி உட்கார்ந்துதான் இந்தக் கால் போனது.

அந்த ஆத்திரத்தில்தான் நாலாவது சுற்றும் ஐந்தாவது சுற்றும் நடந்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஐந்தாவது சுற்று முடியும்போது முட்டி மடங்கிவிட்டது. பலகையில் என் எண்ணுக்கு நேராக இரண்டு சிவப்புப் புள்ளி. இன்னொன்று விழுந்தால் வெளியே. வேல்பாண்டி வேலிக்கு வெளியிலிருந்து, "குதிங்கா, குதிங்கா" என்று கத்திக்கொண்டே கூட வந்தார். குத்தினேன். அழுதுகொண்டே குத்தினேன்.

கடைசிச் சுற்றில் நீ திரும்பிப் பார்த்தாய். நான் வருகிறேனா, விழுந்துவிட்டேனா என்று பார்த்தாய். பார்த்துக்கொண்டே கோட்டை விட்டு விலகிப் பக்கத்தில் வந்தவள்மேல் மோதப் போனாய். அப்போது என் வாயிலிருந்து வந்தது என்னவென்று உனக்கும் கேட்டிருக்கும், மைதானத்துக்கே கேட்டது. "ஏட்டி, முன்னால பாத்துப் போட்டி."

நீ முன்னால் பார்த்தாய். நான் உன் பின்னால் வந்தேன். இருவரும் விழவில்லை.

அதற்கு மேல் பேசத் தெம்பில்லாமல் வேல்பாண்டி பிடித்த ஆட்டோவில் ஏறிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மழை நாளில் கம்பி வலிக்கும்போது உன் ஞாபகம் வரத்தான் செய்யும், நல்லவிதமாக வராது. ஆனால் நீ எழுதியதை ஒரு எழுத்துவிடாமல் நம்புகிறேன். சாட்சி இல்லாத ஒரு காகிதத்தை நான் நம்புவது இதுதான் முதல் தடவை.

தம்பியைப் பேசச் சொல். நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் எடுப்பேன், அலற மாட்டேன்.

பட்டியலை இன்று காலையில் வேல்பாண்டி கொண்டுவந்து கொடுத்தார். பதினொன்றாவது பெயர் நீ, பன்னிரண்டாவது நான். நகலில் என் பெயரை மட்டும் வெட்டி ஆபீஸ் சுவரில் ஒட்டலாம் என்று கத்திரியை எடுத்தேன். இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன, பிரிக்க வரவில்லை. சேர்த்தே வெட்டியிருக்கிறேன்.

வழக்கம்போல நேரம் எழுதியிருக்கிறேன். சாட்சி இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன், கையெழுத்துதான் பாக்கி. தபாலில் அனுப்பாதே. பஸ் ஏறி வந்து போடு, கதவு திறந்திருக்கும்.

உன் மதினி,
யுவராணி
நேரம்: மூவாயிரம் மீட்டர், 29 நிமிடம் 52 விநாடி.
சாட்சி: கார்த்திகா.